மணப்பெண்ணுக்கு மைக் உண்டா? – சில கல்யாணப் பத்திரிகைகளை முன்வைத்து

பனமலை என்றதும் கலை வரலாறு படித்தவர்களுக்கு ஒரு பெண்தான் ஞாபகத்துக்கு வருவாள். ராஜசிம்மப் பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலின் சுவரில், குடைக்குக் கீழே ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிற உமை. சிவன் ஆடுகிறான், அவள் பார்க்கிறாள். ஆயிரத்து முந்நூறு வருஷத்தில் ஆடுகிறவன் பெரும்பாலும் அழிந்துபோனான். பார்த்துக்கொண்டு நிற்கிறவள் மட்டும் மிஞ்சியிருக்கிறாள். அவளைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். படம் எடுக்கிறார்கள், மலையிறங்கிப் போய்விடுகிறார்கள்.

மலைக்குக் கீழே என் சித்தி வீடு. சித்தி மகளுக்கு வருகிற தை மாதம் கல்யாணம். "எம்மே தமிழ் படிச்சவதான நீ, பத்திரிக்க எழுதிக் குடு" என்று சித்தி சொல்லிவிட்டாள். மாதிரிக்கு ஏதாவது இருக்கா என்று கேட்டேன். டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டுப் பத்திரிகையை எடுத்துப் போட்டாள். சொந்தக்காரர்கள், அண்டை காலனிக்காரர்கள், இயக்கத் தோழர்கள் என்று இருபது வருஷமாக வந்து சேர்ந்தவை. மொய் எழுதின தொகையைப் பின்பக்கம் பென்சிலில் குறித்து வைத்திருக்கிறாள். எதற்கும் உதவும் என்று.

அன்று ராத்திரி முழுக்க அவற்றைப் படித்தேன். கவிதைத் தொகுப்பைப் படிக்கிற மாதிரிதான் படித்தேன். நாம் நாவலுக்கும் சிறுகதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு சேரிக்காரன் தன் ஆயுசில் தன் பெயரை அச்சில் பார்க்கிற பிரதி பெரும்பாலும் இரண்டுதான்: கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி. இரண்டாவதை அவன் பார்ப்பதும் இல்லை. ஆக, மிச்சமிருக்கிற இந்த ஒன்றை யாராவது உட்கார்ந்து விமர்சிக்க வேண்டாமா?

கட்டில் பாதிக்கு மேல் சுயமரியாதைத் திருமணப் பத்திரிகைகள். மேலே தலைவர்கள் படம். பிள்ளையார் சுழி கிடையாது, 'மங்களகரமான' கிடையாது, திருவள்ளுவர் ஆண்டு உண்டு. சந்தோஷம். அதற்குக் கீழே தலைமை, முன்னிலை, வரவேற்புரை, மணவிழாவை நடத்தி வைப்பவர், வாழ்த்துரை, நன்றியுரை. ஒரு பத்திரிகையில் வாழ்த்துரைப் பெயர்களை எண்ணினேன், இருபத்தேழு. அவர்களுடைய மாவட்ட, ஒன்றியப் பொறுப்புகள் மணப்பெண்ணின் பெயரைவிடக் கொட்டை எழுத்தில். மணப்பெண்ணுக்கு அப்பா பெயர் இருக்கிறது. பெற்ற அம்மாவுக்கு ஒரு 'திருமதி' போட்டு அப்பா பெயரையே திருப்பிப் போட்டிருக்கிறார்கள். மணமக்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எந்த இடத்திலும் இல்லை. அவர்கள் 'நடத்தி வைக்கப்'படுகிறார்கள். எழுவாய் வேறு ஆள், இவர்கள் செயப்படுபொருள். இலக்கணம் படித்ததற்கு இந்த ஒரு விஷயத்தில்தான் எனக்குப் பிரயோசனம்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அத்தனை பகுத்தறிவுப் பத்திரிகையிலும் ஒன்றுகூட ஆடியில் இல்லை, மார்கழியில் இல்லை, செவ்வாய் சனியில் இல்லை. திங்கட்கிழமைக் கல்யாணம் இரண்டு இருந்தது. இரண்டுமே ஒன்பது மணிக்கு மேல். ராகுகாலம் முடியட்டும் என்று பெரியார் படமும் அம்பேத்கர் படமும் காத்திருக்கின்றன. ஐயரை வெளியே அனுப்பிவிட்டோம், பஞ்சாங்கத்தை அனுப்பவில்லை.

ஐயரை அனுப்பினோம் என்று சொல்லும்போதே நாக்கு தடுக்குகிறது. நம் கல்யாணத்துக்கு ஐயர் எப்போது வந்தார்?

இந்தக் கேள்வியை நாம் கேட்கவே இல்லை. 1928-ல் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்த திருமணத்திலிருந்து சுயமரியாதைத் திருமணத்தின் கதையைத் தொடங்குவது வழக்கம். புரோகிதர் வந்து உட்கார்ந்து, புரியாத மொழியில் ஓதி, தட்சணை வாங்கிப் போகிற வீடுகளுக்கு அது பெரிய புரட்சி. சந்தேகமே இல்லை. ஆனால் சேரிக்குள் பார்ப்பனப் புரோகிதன் கால் வைத்ததே கிடையாது. நமக்கு வள்ளுவர் இருந்தார், நாட்டாமை இருந்தார். அதைவிட முக்கியமாக, கிழவிகள் இருந்தார்கள். பந்தக்கால் நடுகிற நேரத்திலிருந்து நலங்கு முடிகிற வரைக்கும் எது முந்தி எது பிந்தி என்று சொன்னவர்கள் அவர்கள். பொண்ணுக்கு அரைப்பது, மாமன்காரனைப் பாட்டில் வைத்துக் கிழிப்பது, மாப்பிள்ளை வீட்டான் பரிசத்தில் குறைத்த பத்து ரூபாயை ராகம் போட்டுக் கேட்பது எல்லாம் அவர்கள் வேலை. அதிகாரம் என்று ஒன்று நம் கல்யாணத்தில் இருந்ததென்றால் பாதி அங்கேதான் இருந்தது.

அப்புறம் சீர்திருத்தம் வந்தது. புரோகிதன் உட்காரும் நாற்காலியைக் காலி செய்ய வந்த சீர்திருத்தம், அப்படி ஒரு நாற்காலியே இல்லாத இடத்தில் யாரைக் கிளப்பியது? பாடிக்கொண்டிருந்த கிழவிகளைத்தான். அவர்கள் எழுந்த இடத்தில் மைக் வந்தது, மைக்குக்குப் பின்னால் ஆம்பளைகள் வரிசையாக வந்தார்கள். பழையதெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தக் கிழவிகள்தான் பதினாலு வயசுப் பெண்ணை மனையில் உட்கார வைத்தவர்களும். ஆனாலும் ஒரு கணக்கு எழுதும்போது வரவை மட்டும் எழுதினால் அது கணக்காகாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1953-ல் ஒரு சொத்து வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அப்படிக் கல்யாணம் பண்ணியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நாளில் கல்யாணம் ஆகாதவர்கள் ஆனார்கள், பிள்ளைகளின் வாரிசுரிமை கேள்விக்குள்ளானது. அண்ணாதுரை முதலமைச்சரானதும் 1967-ல் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னால் நடந்தவையும் செல்லும் என்று ஆயிற்று. அந்தப் பிரிவு கேட்பது மிகக் கொஞ்சம். உறவினர்கள், நண்பர்கள் அல்லது வேறு யாராவது முன்னால், இருவரும் தங்களுக்குப் புரிகிற மொழியில் ஒருவரையொருவர் கணவனாக, மனைவியாக ஏற்கிறோம் என்று சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லை மோதிரம் போட வேண்டும். அல்லது தாலி கட்ட வேண்டும்.

'அல்லது' என்கிற இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றில் எது நடந்தாலும் போதும். தாலி கட்டாயமில்லை, தலைமை கட்டாயமில்லை, இருபத்தேழு வாழ்த்துரை எங்கும் இல்லை. சட்டம் முதலாவதாக வைத்திருப்பது இரண்டு பேரும் தம் வாயால் சொல்கிற ஒரு வாக்கியம். அதைத்தான் நம் மேடை விழுங்கிவிட்டது.

இதை என் கல்யாணத்தில் அனுபவித்தேன். திண்டிவனத்தில் ஒரு மண்டபம். நான் முந்தின நாள் ராத்திரி நோட்டுப் புத்தகத்தில் நாலு வரி எழுதி, கிழித்து, பர்ஸில் மடித்து வைத்திருந்தேன். யார் முன்னால் எதைச் சொல்லி இந்த ஆளோடு வாழப்போகிறேன் என்று நானே யோசித்து எழுதியது. நடத்தி வைக்கிறவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். வந்ததும் கையிலிருந்த அச்சடித்த உறுதிமொழியை வாசித்தார், நாங்கள் பின்னாலேயே சொன்னோம். பள்ளிக்கூடப் பிரேயரில் உறுதிமொழி எடுக்கிற மாதிரி. அப்புறம் பேச்சு. பதினோரு பேர். அதில் ஒருவர், இயக்கத்தில் எல்லோரும் மதிக்கிறவர்தான், 'மணமகள் படித்தவர், ஆனாலும் குடும்பத்தை அனுசரித்துப் போக வேண்டும்' என்றார். கைதட்டினார்கள். மணமகனுக்கு அனுசரிக்க ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு மைக் வரவில்லை. கேட்டிருக்கலாமே என்பீர்கள். பட்டுப்புடவையும் மாலையும் போட்டு மேடையில் உட்கார்ந்து பாருங்கள், கேட்க வருகிறதா என்று.

கடைசி வரிசையில் என் ஆயா உட்கார்ந்திருந்தது. பேச்சுக்கு நடுவில், நலங்கு வைக்கிற நேரம் தாண்டுகிறதே என்று மெதுவாகப் பாட ஆரம்பித்திருக்கிறது. தொண்டர் ஒருவர் போய், "பாட்டி, கொஞ்சம் இருங்க, தலைவர் பேசறாரு" என்று சொல்லியிருக்கிறார். ஆயா இருந்தது. இரண்டு வருஷம் கழித்துச் செத்தும் போனது. அந்தப் பாட்டுகள் ஒன்றையும் நான் எழுதி வைக்கவில்லை. எம்.ஏ.வில் நாட்டுப்புறவியல் ஒரு தாள் எழுதி அறுபத்தெட்டு மதிப்பெண் வாங்கினவள் நான்.

மராட்டியத்தில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. ஜோதிராவ் புலே 1873 செப்டம்பரில் சத்தியசோதக் சமாஜத்தைத் தொடங்கினார். அந்த வருஷம் டிசம்பரிலேயே புரோகிதர் இல்லாத கல்யாணம் நடந்தது. சாவித்திரிபாய் முன்னின்றார். நாம் கவனிக்க வேண்டியது புரோகிதர் இல்லாததை மட்டுமல்ல. மந்திரத்துக்குப் பதிலாக என்ன சொல்வது என்று புலே யோசித்தபோது, மணமகனும் மணமகளும் மாறி மாறிச் சொல்கிற பாடல்களை எழுதினார். பெண்களுக்கு இல்லாத உரிமையைப் பற்றி மணமகள் கேட்கிறாள், மணமகன் பதில் சொல்லி வாக்குக் கொடுக்க வேண்டும். புரோகிதனிடமிருந்து பிடுங்கிய பேச்சைப் புலே மணப்பெண்ணிடம் கொடுத்தார். நாம் மாவட்டச் செயலாளரிடம் கொடுத்தோம்.

அம்பேத்கரின் இரண்டு கல்யாணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சிறு வயதில் ரமாபாயோடு நடந்தது பம்பாய் பைகுல்லா மீன் மார்க்கெட்டில், கடையெல்லாம் மூடின பிறகு, ராத்திரியில். தீண்டப்படாதவனுக்கு ஊரில் கிடைத்த மண்டபம் அது. 1948 ஏப்ரல் 15-ல் சவிதாவோடு நடந்தது டெல்லியில் சொந்த வீட்டில், பதிவுத் திருமணமாக, ரொம்பக் கொஞ்சம் பேரோடு. இரண்டுக்கும் இடையில், 1942 ஜூலையில் நாக்பூரில் கூடிய பெண்கள் மாநாட்டில் அவர் பேசியிருக்கிறார். கல்யாணத்துக்கு அவசரப்படாதீர்கள், கட்டிக்கொண்டால் புருஷனுக்கு எதிரே நிமிர்ந்து நில்லுங்கள், தோழியாகச் சமமாக இருங்கள், அடிமையாக மறுத்துவிடுங்கள் என்பது அதன் சாரம். நம் மேடைப் பதாகைகளில் அம்பேத்கர் படம் இல்லாத கல்யாணம் இல்லை. 'அனுசரித்துப் போ' என்ற புத்திமதி அந்தப் படத்துக்குக் கீழே நின்றுதான் சொல்லப்பட்டது.

இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994-ல் வந்தபோது நமக்குள் பெரிய சண்டை நடந்தது. தலித்துகளுக்குள் இருக்கிற ஒடுக்குமுறையை இப்படி வெளியே காட்டலாமா என்று. எனக்கு அந்த நாவல் கல்யாண வேலைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் குறுக்கே வந்து நிற்கிறது. காலனியின் பிறப்புக்கும் சாவுக்கும் கல்யாணத்துக்கும் துணி வெளுத்துப் போட்ட வண்ணாத்தி ஆரோக்கியம், எல்லார் வீட்டு நல்லது கெட்டதிலும் நின்றவள், எந்த வீட்டுப் பந்தியில் மரியாதையாக உட்கார்ந்தாள்? சித்தி வீட்டுக் கட்டில் ஒரு பத்திரிகையிலும் பந்தலுக்கு வெள்ளை கட்டிய புதிரை வண்ணார் குடும்பத்தின் பெயர் இல்லை. இன்று அந்த வேலையை ஷாமியானா கடைக்காரன் செய்கிறான், ஆக விஷயம் தீர்ந்தது என்று நினைக்கிறோம். வேலை போனது. கடன் போகவில்லை.

பறை விஷயம் இன்னும் சிக்கல். கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் பறையோடு கல்யாணம் வேண்டும் என்கிறார்கள். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "ஊர்க்காரன் சாவுக்கு அடிச்சி அடிச்சி எங்கப்பன் கை மரத்துப் போச்சி. நாங்க தூக்கிப் போட்டுட்டு பேண்டு செட்டு வச்சிகினோம். நீங்க இன்னாடான்னா திரும்பவும் தோள்ல மாட்டச் சொல்றீங்க." இதற்குப் பதில் சொல்ல என்னிடம் கோட்பாடு இருக்கிறது. ஆனால் கை மரத்துப்போனது அவருடைய அப்பனுக்கு. கடைசியில், அடிக்கிறவர்களுக்கு மேடையில் நாற்காலி, முதல் பந்தி, பேண்டுக்குக் கொடுக்கிற அதே கூலி, பத்திரிகையில் குழுவின் பெயர் என்று நாலு நிபந்தனை போட்டார். நான் படித்த எந்தக் கட்டுரையிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

தனக்கு அர்த்தமுள்ள கல்யாணம், தன் விருப்பப்படி கல்யாணம் என்று இப்போது பட்டணத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. பூ என்ன நிறம், கடற்கரையிலா தோட்டத்திலா என்று அதற்கென்றே கம்பெனிகள் வந்துவிட்டன. தென்னாற்காட்டு மண்ணில் விருப்பப்படி கல்யாணம் என்பதற்கு வேறு அர்த்தம் உண்டு. முருகேசனும் கண்ணகியும் 2003 மே மாதம் கடலூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். யாருக்கும் சொல்லவில்லை. பூவும் இல்லை, மேளமும் இல்லை, ஒரு கையெழுத்து. ஜூலை 8-ஆம் தேதி விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில் இரண்டு பேருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆயிற்று. அவர்களுக்கு நடந்ததும் கல்யாணம்தான். நாலு பேருக்குத் தெரிவதுதான் கல்யாணம் என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, நாலு பேருக்குத் தெரிந்தால் உயிர் போகும் என்கிறவர்கள் என்ன செய்வார்கள்?

வக்கீல் அறையில் வைத்து ரகசியமாகச் செய்கிற சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 2014-ல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அது தவறு என்று 2023 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டும் என்று 7-ஏ கேட்கவில்லை, எதிர்ப்புக்குப் பயந்து ஒளிகிறவர்களை ஊரைக் கூட்டச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்து என்பது அதன் வாதம். தனித் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் அறிவிப்புப் பலகையில் பெயர் தொங்க வேண்டும். அந்த முப்பது நாளில் எத்தனை டாட்டா சுமோ கிளம்பும் என்று நமக்குத் தெரியும். ஆகவே 'அல்லது' என்ற அந்தச் சொல் சும்மா இலக்கண அழகு இல்லை. இரண்டு பேர், ஒரு வாக்கியம், அதைக் கேட்க ஒன்றிரண்டு பேர். அதற்கு மேல் எல்லாமே இருந்தால் நல்லது என்கிற வகை. பதிவு மட்டும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்தக் கல்யாணமானாலும் பதிவு கட்டாயம், தொண்ணூறு நாளுக்குள் செய்துவிட வேண்டும். ஜீவனாம்சத்துக்கு அலைகிறபோது தலைவரோடு எடுத்த போட்டோவைவிட அந்தக் காகிதம் உதவும்.

கிறிஸ்தவர்களாக இருக்கிற நம் ஜனங்களுக்கு 7-ஏ பொருந்தாது. அவர்களுக்கு 1872-ஆம் வருஷத்துச் சட்டம், கோயில், சாமியார். அங்கேயும் தெரு இருக்கிறது. எறையூரில் 2008 மார்ச்சில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டு நின்றதற்குப் பின்னால், எந்தத் தெரு வழியாகக் கோயிலுக்குப் போவது, கல்யாணமும் பிணமும் எந்த வழியில் வருவது என்ற கேள்வி இருந்தது. கலவரம் நடந்தது, துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். ஞானஸ்நானத் தண்ணீரால் நனையாத ஒரே இடம் தெருதான் போல.

இப்போது சித்தி மகள் விஷயத்துக்கு வருகிறேன். என் திட்டம் தெளிவாக இருந்தது: தாலி வேண்டாம், இரண்டு பேரும் தாங்களே எழுதிய வாக்கியத்தைச் சொல்லட்டும், அத்தைமார்கள் பாடட்டும், வாழ்த்துரை மூன்று பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம், மணப்பெண்ணின் அம்மா கட்டாயம் பேச வேண்டும். பெண்ணிடம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். தாலிக்கு மட்டும் இல்லை.

"எனக்குத் தாலி வோணும்க்கா."

பெரியார் சொன்னதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். தாலி ஆம்பளைக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட்டு வேலைக்குப் போகிறவள், ராத்திரி பத்து மணிக்கு பஸ்ஸில் வருகிறவள்.

"மைக்கு குடுக்கலன்னு இத்தினி வருசமா நீ அழுவுற. இப்ப எனக்கு இன்னா வோணும்னு நீயே முடிவு பண்றியே, இது மட்டும் இன்னாவாம்?"

என்னிடம் பதில் இல்லை. இன்னும் இல்லை. சட்டத்தில் மூன்று 'அல்லது' இருக்கிறதென்று நாலு பக்கமாகப் பேசிக்கொண்டிருந்தவள், அவள் மூன்றாவதை எடுத்ததும் முகம் சுளித்தேன். தாலி பற்றி என் கருத்து மாறவில்லை, இந்தக் கட்டுரையிலும் மாற்றி எழுதப்போவதில்லை. ஆனால் பத்திரிகை என்னுடையது இல்லை. அவளே கடையில் போய் விலை கேட்டு வந்திருக்கிறாள், ஒரு கிராமுக்கும் குறைவு, சொந்தச் சம்பளம். அவனுக்கும் அதே எடையில் ஒன்று, மோதிரமாக. வாக்கியத்தையும் எழுதிவிட்டாள். காட்டு என்றேன், அன்னிக்குக் கேட்டுக்கோ என்கிறாள்.

அத்தையிடம் பாட்டை எழுதி வாங்கப் போனேன். நோட்டைப் பார்த்ததும் அத்தைக்குப் பாட்டு வரவில்லை. நெல் புடைத்துக்கொண்டே இரண்டு பாடியது, அதில் ஒன்று ஆயாவுடையது. பாதியில் மறந்துவிட்டது. மறந்த இடத்தில் அத்தை தானாக இரண்டு அடி போட்டது. என் வீட்டுக்காரரைத் திட்டி.

பத்திரிகையை எழுதி விழுப்புரத்தில் அச்சாபீசில் கொடுத்துவிட்டு வந்தேன். மேலே மணமகள் பெயரும் மணமகன் பெயரும், எழுவாயாக. 'நாங்கள் இருவரும் எங்கள் சொற்களால் இணைகிறோம், வந்து கேளுங்கள்' என்று ஒரு வரி. அப்பாக்களுக்குப் பக்கத்தில் அம்மாக்கள், அவரவர் பெயரில். பறைக் குழுவின் பெயர், சித்தப்பா நிபந்தனைப்படி. மறுநாள் அச்சாபீஸ்காரர் போன் செய்தார்.

"எம்மா, தலைமை யாருன்னு எழுதாம வுட்டுட்டீங்களே?"

யோசித்துவிட்டு அத்தையின் பெயரைச் சொன்னேன்.

"சரிம்மா. இனிஷியல்? பொறுப்பு இன்னா போடறது?"